லேடீஸ் டப்பாவுக்கு ஒரு ஸ்டார்

கேமைப் பற்றிப் பேச இந்த நாட்டில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. முதுகுக்குப் பின்னால் நீல விளக்கு எரிய, பெரிய நாற்காலியில் சாய்ந்துகொண்டு, கிராபிக்ஸ் அப்படி, சவுண்டு இப்படி என்று அளப்பார்கள். லட்ச ரூபாய் கம்ப்யூட்டரில் ஆடிப் பார்த்துவிட்டு, கண்ணாடியில் விரிசல் விட்ட போன் வைத்திருப்பவனுக்குப் புத்தி சொல்வார்கள். எனக்கு அவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அதனால்தான் பக்கத்து அறை மாரிசெல்வியை எனக்குப் பிடித்துப்போனது.

தாராவியில், வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்ட எங்கள் சாலின் இரண்டாவது மாடியில், கணவன் வேல்ராஜோடும் மாமியார் மீனாட்சியம்மாளோடும் அவள் குடியிருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் ஸ்கூல் பை தைக்கும் பட்டறையில் மெஷின் ஓட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடி நடையில் ஒரு ஸ்டூல் போட்டு, தண்ணீர் டிரம் மேல் போனைச் சாய்த்து வைத்து, அந்த வாரம் ஆடிப் பார்த்த கேமைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவாள். கோவண்டி, ஆண்டாப் ஹில், காட்கோபர், ஊர்ப்பக்கம் என்று பதினோராயிரம் பேர் கேட்கிறார்கள். அவர்களுக்கு அவள் செல்வியக்கா.

அவள் கேட்கும் கேள்விகளே வேறு. "தண்ணி வந்துட்டுன்னு வையுங்க, பாதியில நிறுத்திட்டு ஓட முடியுமா? ஒத்தக் கையில ஆட முடியுமா? விளம்பரத்த மூடுத எக்ஸ் எங்கன இருக்கு, கண்ணுக்குத் தெரியுதா? தோத்தா திரும்ப ஆட விடுதானா, இல்ல காசு கேக்கானா?" பணம் வைத்து ஆடும் கேமை அவள் தொடுவதே இல்லை. அதற்குப் பெயர் கேம் இல்லை, களவாணித்தனம் என்பாள். அப்டேட் என்ற பெயரில் போனில் இருக்கிற இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்ளும் கம்பெனிகளை அவள் திட்டும் திட்டு, கேட்கக் கேட்க இனிக்கும். ஒரு கேமை இறக்குவதற்கு முன்னால் எங்கள் சந்தில் பாதிப் பேர் அவளைக் கேட்டுவிட்டுத்தான் இறக்குவார்கள். பட்டறையில் அவள் இருபத்தெட்டு பேரில் ஒருத்தி. இங்கே அவள் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து அதுதான்.

போன மழைக்காலத்தில் 'லேடீஸ் டப்பா' என்று ஒரு கேம் வந்தது. பம்பாயில் ரயில் பெட்டியை டப்பா என்போம். பெண்கள் பெட்டியில் ஏறுபவர்கள் முதலில் தேடுவது இடத்தை அல்ல, குர்லாவில் இறங்கப்போகிறவளை. உட்கார்ந்திருப்பவளிடம் எங்கே இறங்குவாய் என்று கேட்டு, அவள் எழுந்ததும் அந்த இடம் எனக்கு என்று சொல்லி வைத்துவிடுவார்கள். மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக ஒட்டிக்கொள்வதற்கும் தனிச் சட்டம் உண்டு. அந்தக் கேமில் இதுதான் ஆட்டம். ஆளுக்கொரு குரல் இறங்கும் ஸ்டேஷன் பெயரைச் சொல்லும். சண்டை வராமல் எல்லோரையும் உட்கார வைக்க வேண்டும். ஒரு கட்டத்தைத் தாண்டினால் ஒரு நாள் கணக்கு, மொத்தம் நாற்பது நாள் பயணம்.

மாரிசெல்விக்கு அது உயிராகிவிட்டது. பட்டறையில் போனுக்கு அனுமதி கிடையாது. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய், வேலை முடிந்து வந்ததும் ஆடுவாள். பன்னிரண்டாம் நாள்வரை போனாள். மறுநாள் திறந்தால் ஒன்பதாம் நாளில் நின்றது. அடித்துப் பிடித்துப் பதினாலுக்கு ஏற்றினாள். அடுத்த நாள் பார்த்தால் பதினொன்று. ஒரு வாரம் இப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமை வந்ததும் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"நாம கஷ்டப்பட்டு ஆடுனத இது திங்குது. திங்குத கேமுக்கு ஒரு ஸ்டாரே ஜாஸ்தி."

அவ்வளவுதான். அக்காவே சொல்லிவிட்டாள் என்று, ஆடிப் பார்த்தவனும் பார்க்காதவனும் ஒரு ஸ்டாராகப் போட்டான்கள். நானும் போட்டேன். எனக்கு அந்தக் கேமின் நிறம்கூடத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை, பட்டறையில் கரண்டு போய் மாரிசெல்வி சீக்கிரம் வந்திருந்த நேரத்தில், மாட்டுங்காவிலிருந்து ஒரு இளைஞன் எங்கள் மாடிப்படியைத் தட்டுத்தடுமாறி ஏறி வந்தான். பெயர் கேஷவ். அந்தக் கேமைச் செய்தவன் அவன்தான். கம்பெனி என்றால் அவனும் அவன் சிநேகிதி ஒருத்தியும், ஆக இரண்டே பேர். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்து நானும் வாசலில் போய் நின்றேன். அவனோ கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"அக்கா, ஆறு நாளா நாங்க ரெண்டு பேரும் தூங்கலை. எங்க தேடியும் அப்படி ஒரு தப்பு இல்லை. உங்க போனை ஒரு தரம் பாக்கட்டுமா?"

மாரிசெல்வி போனை நீட்டினாள். எந்த நேரத்தில் எதைத் திறந்தோம் என்று போனே எழுதி வைத்துக்கொள்ளுமாம். அவன் அதைத் திறந்து பார்த்தான்.

"தினம் மத்தியானம் ஒண்ணரையிலேர்ந்து மூணு வரைக்கும் ஆடறேளே அக்கா."

"மத்தியானமா? நான் பட்டறையில மெஷின்ல இருப்பேன்."

மூலையில் மீனாட்சியம்மாள் உரித்த பூண்டையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தார். போனைத் தேய்க்கிற பொம்பளை விளங்கமாட்டாள் என்று இந்தச் சாலில் எல்லோரையும் வைதவர் அவர்.

"அத்தை, நீங்களா ஆடுதிய?"

"சும்மா கெடக்கேன்னு தொட்டுப் பாத்தேன். பச்சையா பெருசா ஒரு பட்டன் இருந்துச்சு, அமுக்குனேன். வண்டி கெளம்பிட்டு."

அந்தப் பச்சை பட்டன் புது ஆட்டத்துக்கானது. பழையதைத் தொடர்வது கீழே சின்னச் சாம்பல் பட்டன். பச்சையை அமுக்கியதும், பழையது அழிந்துவிடும், சரியா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும். அவருக்கு எந்த மொழியும் படிக்க வராது. சரி என்பதும் பச்சையாகவே இருந்தது. தினமும் மருமகளின் ஆட்டத்தை அழித்து, முதல் நாளிலிருந்து தொடங்கி, ஒன்றரை மணி நேரத்தில் பதினொன்றாம் நாள்வரை போயிருக்கிறார். கேஷவ் வாயைப் பிளந்தான். அந்த நேரத்தில் அவனால் ஏழுக்கு மேல் முடியாதாம். மீனாட்சியம்மாள் முப்பது வருடம் சயானிலிருந்து முலுண்டுக்குச் சமையல் வேலைக்குப் போய் வந்தவர். யார் எங்கே இறங்குவாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும் அவருக்கு.

நான் சிரித்துவிட்டேன். மாரிசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. சரியாகப் பார்க்காமல் பேசிவிட்டோமே என்று முகம் வெளுத்துப்போயிற்று.

"எங்க மேலயும் தப்பு இருக்கு அக்கா," என்றான் கேஷவ். "ஒரு போனுக்கு ஒரு ஆள்னு நினைச்சுட்டோம். எங்க ஆத்துல ஆளுக்கு ஒண்ணு இருக்கு."

அவன் போன பிறகு மீனாட்சியம்மாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் பேர மட்டும் சொல்லிராத தாயி. ஊரே சிரிக்கும்."

மாரிசெல்வி சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை டிரம் முன்னால் உட்கார்ந்து, தவறு தன்னுடையது, கேமில் குறை இல்லை, போட்ட ஒரு ஸ்டாரைத் திரும்ப எடுங்கள் என்றாள். என்ன நடந்தது என்பதை மட்டும் விழுங்கிவிட்டாள்.

காரணம் சொல்லாமல் மன்னிப்பு கேட்டால் சும்மா விடுவார்களா? அன்று சாயங்காலத்துக்குள் நானூறு பேர் வசை எழுதிவிட்டார்கள். எவ்வளவு வாங்கினாய் என்று ஒருவன். அக்காவும் விலை போய்விட்டாள் என்று இன்னொருவன். எல்லாம் உள்ளுக்குள் பேசி வைத்த 'செட்டிங்' என்று இந்தியில் பலர். மாரிசெல்வி ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, இனிமேல் ஸ்டூலைப் போட மாட்டேன் என்று வேல்ராஜிடம் சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவள் குரல் எங்கள் மாடியில் கேட்கவே இல்லை.

புதன்கிழமை மீனாட்சியம்மாள் என்னிடம் போனைக் கொண்டுவந்து, அதில் என்ன எழுதியிருக்கிறது, படி என்றார். கொஞ்சம் குறைத்துப் படிக்கலாம் என்று பார்த்தேன். முகத்தைப் பார்த்ததும் அப்படியே படித்துவிட்டேன். கேட்டு முடித்ததும் போனை வாங்கிக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலைப் போட்டது அவர்தான். உட்கார்ந்ததும் அவர்தான். மாரிசெல்வி ஓடி வந்து தடுத்தாள்.

"வேண்டாம் அத்தை. வாங்க உள்ள."

"நீ அத அமுக்கு. நான் பேசணும்."

பேசினார். தலையில் முக்காடு, கண் போனைவிட்டு நகரவில்லை.

"எம் மருமவ யாருட்டயும் அஞ்சு பைசா வாங்கல. நான்தான் அவளுக்குத் தெரியாம ஆடுனேன். எனக்குப் படிக்கத் தெரியாது. பச்சையா இருந்ததால அமுக்கிட்டேன். அவ என்னைக் காட்டிக் குடுக்கல, அதுக்கு நீங்க அவள வையுதிய. வையணும்னா என்னைய வையுங்க. நான் எட்டாம் நம்பர் ரூம்லதான் இருக்கேன்."

யாரும் வையவில்லை. எங்க அம்மாவும் அதே பச்சையைத்தான் அமுக்குகிறாள் என்று கோவண்டியிலிருந்து ஒருவன் எழுதினான். எங்கள் வீட்டிலும், எங்கள் வீட்டிலும் என்று வந்துகொண்டே இருந்தது. வீட்டுக்கு ஒரு போன் வைத்துக்கொண்டு, அடுத்தவர் ஆட்டத்தை அழித்துவிட்டு, கேமைக் குறை சொன்னவர்கள் அத்தனை பேர். ஸ்டாரும் மெதுவாக ஏறியது. மாரிசெல்வியின் பதினோராயிரம் பதினாலாயிரம் ஆனது. நானும் என் ஒன்றை ஐந்தாக்கினேன், இந்த முறை ஆடிப் பார்த்துவிட்டு.

ஒரு மாதம் கழித்து கேஷவ் மறுபடி வந்தான். புது ஆட்டம், பழைய ஆட்டம் என்ற இரண்டு பட்டனையும் எடுத்துவிட்டிருந்தான். அதற்குப் பதில் ஆறு ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் ஆடுபவர் தன் போட்டோவை வைத்துக்கொள்ளலாம். படிக்க வேண்டியது ஒன்றுமில்லை. மாரிசெல்வி மாமியாரை வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுத்து மூன்றாவது ஜன்னலில் வைத்தாள்.

மீனாட்சியம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் ஒரே பீரோ, ஒரே டிரங்குப் பெட்டி, ஒரே கண்ணாடி.

"இதுல வேற யாரும் கை வைக்க மாட்டாவளே?"

"மாட்டோம் அத்தை. அது உங்களுக்குன்னே உள்ள ஜன்னல்."

அவர் தன் முகத்தின்மேல் விரலை வைத்து அமுக்கினார். முதல் நாள் வண்டி சயானை விட்டுக் கிளம்பியது.