வரிக்கு முதலோ, பிறகோ?

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு கணினித் திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து, ஒரு சம்பளச் சீட்டை மூன்றாவது தடவையாகப் பார்க்கிறார் நிமலினி. "உதிலை ஏதோ கிடக்கு" என்கிறார். என்ன கிடக்கிறது என்று கேட்டால் சொல்லமாட்டார். என்னிலும் அவருக்குச் சந்தேகம்தான்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் என் மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் வீடு. லண்டனில் கணக்காளராக இருக்கும் எமில்ராஜ் அனுப்பும் வரிச்சலுகைக் கோப்புகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. இங்கிலாந்தில் ஒருவர் வரி கட்டிய சம்பளத்திலிருந்து பென்சனுக்குப் பணம் போட்டால், அடிப்படை வரிப் பங்கைப் பென்சன் கொம்பனியே அரசாங்கத்திடம் வாங்கிச் சேர்த்துவிடும். உயர்ந்த வீதத்தில் வரி கட்டுகிறவர் மிச்சச் சலுகையைத் தானே கேட்டு வாங்க வேண்டும். வரி கணிக்க முதலே சம்பளத்தில் பென்சன் கழிபட்டிருந்தால் முழுச் சலுகையும் அப்போதே கிடைத்தாயிற்று. மறுபடி கேட்கக் கூடாது. ஆகவே எல்லாக் கோப்புக்கும் ஒரே கேள்வி: "வரிக்கு முதலோ, பிறகோ?"

இந்தக் கேள்வி திருநெல்வேலிச் சந்தைக்கும் அவரோடு போகும். பூசணிக்காயை நிறுத்தது அழுகலை வெட்ட முதலோ பிறகோ என்று கேட்டு வியாபாரியின் பொறுமையைச் சோதிப்பார். புதுப் போதகர் ஒருநாள் "உங்களுக்காகச் செபிச்சனான்" என்றபோது, எந்த நாள் என்று கேட்டவரும் இவர்தான்.

போன செவ்வாய்க்கிழமை மாங்காய் கொடுக்கப் போயிருந்தேன். அன்று திரையில் இருந்தது இங்கிலாந்தில் இருக்கும் அவருடைய ஒரே அண்ணன் நோர்மனின் கோப்பு. நான்கு வருடச் சலுகையை நோர்மன் சேர்த்துக் கேட்டிருந்தார். அது கிடைத்தால் நத்தார்ப் பண்டிகைக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் கடைசியாக வந்து ஒன்பது வருடம். அண்ணனின் சின்ன மகளை நிமலினி நேரில் கண்டதே இல்லை. பின்னறைக்குப் பெயின்ட் அடித்து, இரண்டு கட்டிலும் வாங்கிப் போட்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து நோர்மனே அழைத்தார். வேலையிடத்தில் எல்லாரும் கேட்டு வாங்குகிறார்களாம். எமில்ராஜ் கவனிக்கமாட்டாராம். கண்ணை மூடிக்கொண்டு விடச் சொன்னார். நிமலினி தயங்கியதும் அவருக்குக் குரல் ஏறியது.

"என்னையும் கள்ளனெண்டு நினைக்கிறியோ?"

"அப்பிடிச் சொல்லேல்லை அண்ணை. மூண்டு வருசச் சீட்டிலையும் வரிக்கு முதலே கழிச்சுப்போட்டாங்கள். கேக்க ஒண்டுமில்லை."

அழைப்பு அறுந்தது. சொந்த அண்ணன், விட்டால்தான் என்ன என்று எனக்கு நா நுனிவரை வந்தது. அதற்குள் அவர் மூன்று வருடத்துக்கும் "சலுகை இல்லை" என்று பதிந்துவிட்டார். கண்ணீர் விசைப்பலகையில் விழுந்தது. பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

நான்காவது வருடக் கட்டத்தில் கை நின்றது. அதற்குச் சம்பளச் சீட்டே இல்லை. அந்த வருடம் நோர்மன் வேறொரு கொம்பனியில் இருந்தவர். நிமலினி கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார்.

"உவங்கள் வரிக்குப் பிறகு கழிச்சிருந்தா அண்ணைக்கு வரவேண்டியது அங்கை கிடக்கு. முதலோ பிறகோ எண்டு அவர் பாத்திருக்கமாட்டார்."

அந்த வருடச் சீட்டைக் கேட்க அண்ணனுக்கு அழைத்தார். அவர் அழைப்பை வெட்டினார். மறுபடி அழைத்தார். மறுபடியும் வெட்டினார். நிமலினி முழங்கையால் முகத்தைத் துடைத்து, தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, திரும்பவும் அழைத்தார்.