ஆடி வெள்ளி, ராகு காலம், கப்பலேறாத என் சிவப்பு வண்டி

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, ராகு காலம். மூன்றும் ஒன்றாகக் கூடிய நேரமாகப் பார்த்துத்தான் வண்டியை எடுத்தேன். தெரியாமல் செய்த காரியமில்லை, காலண்டரைப் பார்த்துவிட்டுச் செய்தது.

தார் எஸ் சலாமில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஆவணியில் போய்ச் சேர வேண்டும். நாற்பது வயதில், கல்யாணம் செய்துகொள்ளாத ஒருத்தி தனியாக ஆப்பிரிக்கா போகிறாளே என்று எங்கள் வீட்டில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. கவலையெல்லாம் என் காரைப் பற்றித்தான். சின்ன சிவப்பு ஹாட்ச்பேக், வாங்கி ஆறு வருடம் ஆகிறது. முழுத் தவணையும் என் சம்பளத்தில் கட்டியது. அதை விற்கலாம் என்றதும் மேடவாக்கத்திலிருந்து அண்ணன் போன் செய்தார். "ராசியான வண்டி, மகாலட்சுமி மாதிரி. வீட்டை விட்டு வெளிய அனுப்பக் கூடாது. அதுவும் ஆடி மாசத்துல. பேசாம எங்கிட்ட விட்டுட்டுப் போ" என்றார். நான் வண்டி வாங்கியபோது "பொம்பளைக்கு எதுக்கு கார்?" என்று கேட்டவரும் இவரேதான்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கப்பலில் ஏற்றி என்னோடு கொண்டுபோனாலும் போவேனே ஒழிய, அண்ணன் கையில் சாவியைத் தரப்போவதில்லை என்று முடிவு செய்தேன். வெளிநாடு போகும்போது காரைக் கொண்டுபோகலாமா என்று யோசிக்கிறவர்கள் கணக்குப் போட்டுவிட்டுக் கோபப்படுங்கள். நான் கோபப்பட்ட பிறகுதான் கணக்குப் போட்டேன்.

ஷிப்பிங் ஏஜென்ட்டைப் பார்க்க, சேலையூரிலிருந்து காலை பத்தே முக்காலுக்குப் புறப்பட்டேன். ராகு காலத்தில் நல்லவர்கள் யாரும் கிளம்பமாட்டார்கள், சாலை காலியாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. வேளச்சேரி சாலை அதையெல்லாம் நம்புவதில்லை போலிருக்கிறது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆரம்பித்த நெரிசல் செம்பாக்கம், காமராஜபுரம் வரை விடவில்லை. மேடவாக்கத்துக்கு எட்டு கிலோமீட்டர்கூட இருக்காது, நாற்பது நிமிடம் பிடித்தது.

அங்கே அண்ணி ஏறிக்கொண்டார். அண்ணி சுமதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள அண்ணன் லீவு போடச் சொல்லி அனுப்பிவைத்த ஆள்.

"உங்க அண்ணன் உன்ன வேவு பாக்க என்னை அனுப்பியிருக்காரு மீனா. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன், நீ பாட்டுக்குப் பண்ணு" என்று சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

பள்ளிக்கரணையில், சதுப்பு நிலத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், மாடியில் இருந்தது ஷிப்பிங் ஏஜென்ட்டின் அலுவலகம். அவர் கீழே இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். டாஷ்போர்டில் காய்ந்த எலுமிச்சம்பழம், மிதியடிக்குக் கீழே பூஜை அரிசி, முன்கண்ணாடியில் மஞ்சள் குங்குமம்.

"இதெல்லாம் எடுத்துடணும் மேடம். அரிசி, பழம், பூ ஒண்ணும் வண்டில இருக்கக் கூடாது. கண்டெய்னர்ல ஏத்துறதுக்கு முன்னாடி உள்ளயும் அடியிலயும் கழுவிக் குடுத்துடணும்."

"அது பூஜை போட்ட அரிசி சார்" என்றார் அண்ணி.

"பூஜை நமக்குத் தெரியும்மா. எறக்குறவனுக்குத் தெரியுமா?"

இங்கே ஏற்றி அங்கே துறைமுகத்தில் இறக்கும் வரை இரண்டே கால் லட்சம் ஆகும் என்றார். அங்கே கட்ட வேண்டிய வரி தனி. வண்டியின் விலையையும் வயதையும் பார்த்துப் போடுவார்களாம், எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியாது. உதிரிபாகம் கிடைக்குமா என்றதற்கு, "அத நீங்கதான் விசாரிக்கணும்" என்றார். இதே வண்டியை இங்கே விற்றால் நான்கு லட்சம் வரும். அண்ணி கணக்கு டீச்சர் அல்லவா, என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் நான் விடவில்லை.

"அட்வான்ஸ் எவ்வளவு சார்?" என்று போனைக் கையில் எடுத்தேன்.

அவர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "பன்னெண்டு மணிக்கு மேல குடுங்க மேடம். ராகு காலத்துல நான் கை நீட்டி வாங்குறதில்ல."

சும்மா உட்கார்ந்து காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. சாயங்காலம் வந்து கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கோவளத்துக்கு விட்டேன். கப்பலில் போகப்போகிற வண்டிக்குக் கடலைக் காட்டலாம் என்று அண்ணியிடம் சொன்னேன். உண்மையில் அட்வான்ஸ் கட்டுவதைத் தள்ளிப்போடப் பார்த்தேன்.

மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர், அங்கிருந்து அக்கரையில் கிழக்குக் கடற்கரைச் சாலை. பள்ளிக்கரணையிலிருந்து கோவளம் இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வழியில் சுங்கச் சாவடி உண்டு, ஃபாஸ்டாகில் பணம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தர்காவுக்கு வருகிற கூட்டத்தில் ஊருக்குள் நிறுத்த இடம் கிடைக்காது. சற்றுத் தள்ளியே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது.

மணலோரக் கடையில் வறுத்த வஞ்சிரம் ஒரு தட்டு வாங்கினேன். "ஆடி வெள்ளியும் அதுவுமா!" என்று அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டார். பிறகு இன்னொன்று. கையைக் கழுவிவிட்டு வந்தவர், கைப்பையில் ஆதார் அட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையை உருவி நீட்டினார். டிரைவிங் லைசன்ஸ், அவர் பெயரில், எடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"அண்ணனுக்குத் தெரியுமா அண்ணி?"

"லீவுல கிளாஸ் எடுக்கறேன்னு சொல்லிட்டு டிரைவிங் ஸ்கூல் போனேன். கூட வேலை பாக்குற டீச்சர் அவங்க வண்டிய அப்பப்ப ஓட்டக் குடுப்பாங்க. உங்க அண்ணன் வண்டியத் தொட முடியுமா? 'நான் இருக்கேன்ல, உனக்கு எதுக்கு'ன்னுவாரு." அட்டையைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தார். "மீனா, இத எனக்கு வித்துடு. சும்மா வேணாம். சும்மா குடுத்தா அது அவரு தங்கச்சி குடுத்த வண்டி, அவரு வண்டி. காசு குடுத்து வாங்கினாதான் என் வண்டி."

ஆறு வருடத்துக்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. சாவியை அவர் கையில் வைத்தேன்.

திரும்பும்போது அண்ணிதான் ஓட்டினார். கடற்கரைச் சாலையில் பயமில்லை. மேடவாக்கம் வந்ததும்தான் சோதனை. தண்ணீர் லாரி ஒன்று பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, வண்டி சரியாகத் திருப்பத்தில் ஆஃப் ஆகிவிட்டது. டிரைவர் லாரியைப் பக்கத்தில் கொண்டுவந்து தலையை நீட்டினார்.

"இன்னாக்கா, வூட்ல சொல்லிகினு வந்தியா?"

அண்ணி கண்ணாடியை முழுதாக இறக்கினார். "சொல்லாமத்தான் வந்திருக்கேன்! இப்ப இன்னான்ற?"

பத்து வருடத்தில் அண்ணி அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. லாரிக்காரர் சிரித்துவிட்டார். "போ போ, பாத்துப் போ" என்று வழி விட்டார். அண்ணி வண்டியைக் கிளப்பி, கியர் மாற்றி, அடுக்குமாடி வாசல் வரை கொண்டுவந்து நிறுத்தினார். ஏஜென்ட்டுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். ராகு காலத்தை நம்பாத என்னை அன்றைக்கு ராகு காலம்தான் காப்பாற்றியது. அண்ணனிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

அண்ணன் கீழே இறங்கி வந்தார். டிரைவர் சீட்டிலிருந்து இறங்கும் மனைவியையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டி வீட்டை விட்டுப் போகக் கூடாதுன்னீங்க. போகலண்ணா, அண்ணி வாங்கிட்டாங்க" என்றேன். அவர் சாவிக்குக் கை நீட்டினார். அண்ணி அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

இனி, போகத் திட்டமிடுகிறவர்களுக்கு. அந்த நாட்டில் சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுகிறார்கள், பழைய வண்டியை உள்ளே விடுவார்களா, வரி எவ்வளவு, பழுதானால் பாகம் கிடைக்குமா என்பதையெல்லாம் அங்கே வேலை பார்க்கிறவர்களிடம் முதலில் கேளுங்கள். ஏஜென்ட் சொல்லும் தொகையில் எது எது சேர்த்தி என்று எழுதி வாங்குங்கள். என்னுடையது போன்ற சின்ன வண்டிக்குக் கப்பல் செலவு கட்டுப்படியாகாது. இங்கேயே விற்றால் 29, 30 எண் உரிமை மாற்றப் படிவங்களைக் கொடுத்து, ஆர்சி புத்தகமும் காப்பீடும் பெயர் மாறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். யாருக்கு விற்பது என்பதை மட்டும் வேறு யாரிடமும் கேட்காதீர்கள். உழைத்துக் கட்டியவர்களுக்கு அந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி?

தார் எஸ் சலாமில் இப்போது ஆட்டோ மாதிரியான பஜாஜியில்தான் வேலைக்குப் போகிறேன். போன வாரம் அண்ணன் போன் செய்தார். பின்னால் ஹாரன் சத்தம்.

"உங்க அண்ணி ரொம்ப வேகமா ஓட்டுறா. நீ கொஞ்சம் சொல்லேன்."

"எங்கேயிருந்து பேசுறீங்கண்ணா?"

"பக்கத்து சீட்லேருந்துதான்" என்றார்.

நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.