சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம்

போன வருடம் தீபாவளிக்கு மூன்று மாதம் இருக்கும்போது நடந்தது இது. இடம், சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம். நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கோழிக்குச் சீக்கு வந்த பிறகு மருந்து தேடி ஓடாமல், சீக்கைக் கொட்டகைக்குள்ளேயே விடாமல் எப்படித் தடுப்பது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக இதையே பேசிப் பேசி, இதில் என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு எனக்குக் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

வகுப்புக்கு வந்த இருபது பேரும் பெண்கள். எல்லோரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள், அதனால் ஞாயிற்றுக்கிழமையில்தான் வைக்க முடிந்தது. திரை கட்டி, படம் போட்டு, ஒரு மணி நேரம் தொண்டை வற்றப் பேசினேன். வெளியில் போட்டு நடக்கும் செருப்போடு கொட்டகைக்குள் போகாதீர்கள், வாசலில் சுண்ணாம்புத்தூளை மிதித்துவிட்டுப் போங்கள், வேறு பண்ணைக்குப் போய்விட்டு வந்தவர்களை இரண்டு நாளைக்கு உள்ளே சேர்க்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். செருப்பைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து, “இதுங்க ஒண்ணும் செய்யப்போறதில்ல, தண்டச் செலவு” என்று என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன்.

ஒரு மாதம் கழித்து, யார் யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போக வேண்டியிருந்தது. அன்றைக்குக் காலையில் மல்லாங்கிணறு பக்கத்திலிருந்து ஒரு பண்ணைக்காரர் போன் செய்தார். கோழியெல்லாம் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது, வெள்ளையாகக் கழிகிறது என்றார். ஓடினேன். கொட்டகைக்குள் போய் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளைக் கழிச்சல் என்ற தொற்றுநோயாக இருக்கும் என்று சந்தேகம். செத்ததைப் புதைக்கச் சொல்லி, ரத்தம் எடுத்து அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டு, கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன். அங்கிருந்து நேராக வண்டியை நாரணாபுரத்துக்கு விட்டேன். அதே சேலை, அதே செருப்பு.

முதலில் போனது ஓர் அக்கா வீட்டுக்கு. நாற்பத்தைந்து வயதிருக்கும். இருபது வருடத்துக்கு மேலாகப் பட்டாசு வேலை. வீட்டுக்குப் பின்னால் கம்பிவலை அடித்து நூற்றைம்பது கோழி வளர்க்கிறார். தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடக்கும் நாட்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கோழிகளால்தான். வகுப்பில் ரொம்பச் சிரித்ததும் அவர்தான்.

கொல்லைப்புறம் போனால், கொட்டகைக்குப் பத்தடி முன்னாலேயே தரையில் அகலமாக ஒரு சுண்ணாம்புக் கோடு. அதற்கு மேல் ஒரு கயிறு. நான் பாட்டுக்குக் கயிற்றைத் தூக்கப் போனேன். அக்கா குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

“மேடம், இதுக்கு முன்ன எங்கன போயிட்டு வாரீக?”

மல்லாங்கிணறு என்றேன். எதற்கு என்று கேட்டார். பொய் சொல்லத் தோன்றவில்லை, சொன்னேன். அக்கா கயிற்றை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“அப்ப இன்னைக்கு வேண்டாம். ரெண்டு நாளு களிச்சு வாங்க.”

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சுவருக்கு மேலே தலையை நீட்டி வேடிக்கை பார்க்கிறார்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே, எனக்கே சட்டமா என்று கொஞ்சம் விறைப்பாகவே கேட்டுவிட்டேன். அக்கா கோபப்படவில்லை.

“எங்க கம்பெனியில மொதலாளியே வந்தாலும் செருப்ப வெளிய விட்டுட்டுத்தான் ரூமுக்குள்ள வருவாரு மேடம். வெடிமருந்துக்கு மொதலாளி யாரு, தொளிலாளி யாருன்னு தெரியாதுல்ல.”

அப்புறம்தான் ஒவ்வொன்றாக அக்கா எடுத்துச் சொன்னார். கம்பெனி வாசலில் போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். மருந்து அறைக்குள் நாலு பேருக்கு மேல் கூடாதாம். செருப்பைக் கழற்றி, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் காலை உள்ளே வைக்க வேண்டுமாம். உடம்பில் இருக்கிற மின்சாரம் மருந்தில் பொறி தட்டாமல் இறங்கிவிடும் என்பதற்காக. இருபது வருடமாகத் தினமும் இதைச் செய்கிறவர்களைக் கூட்டி வைத்து, செருப்பைக் கழற்று என்று நான் ஒரு மணி நேரம் பாடம் எடுத்திருக்கிறேன். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் சிரித்ததும் சுவருக்கு மேலே இருந்த தலைகளும் சிரித்தன. வெட்கமும் சிரிப்புமாகக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“சாப்பிட்டீகளா?” என்று கேட்டு, தெருப்பக்கம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்தார் அக்கா. கொல்லைப்பக்கம்தான் அனுமதியில்லை, சாப்பாட்டில் குறையே வைக்கவில்லை. மற்ற வீடுகளுக்குப் போகாமல் அப்படியே திரும்பிவிட்டேன்.

இரண்டாம் நாள் பரிசோதனை முடிவு வந்தது. வெள்ளைக் கழிச்சலேதான். மல்லாங்கிணற்றுப் பண்ணையில் அந்த வாரத்துக்குள் பாதிக்கு மேல் செத்துப்போயின. அந்த மண்தான் என் செருப்பில் இருந்தது. அக்கா மட்டும் மரியாதைக்காகக் கயிற்றை விலக்கியிருந்தால் அந்த நூற்றைம்பதுக்கும் அதே கதிதான். இரண்டு நாள் போதும் என்று நானே சொல்லிக்கொடுத்திருந்தாலும், ஒரு வாரம் கழித்தே போனேன். தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டி, புதுச் செருப்போடு.

அதையும் கோட்டுக்கு வெளியே கழற்றச் சொன்னார். போனை வாங்கி ஜன்னலில் வைத்தார். சுண்ணாம்பை மிதித்து, கொட்டகைக்கென்று வைத்திருந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டேன். முன்னால் போன அக்காவின் கை, நுழையும்போது தன்னால் நிலைக்கம்பைத் தொட்டுவிட்டுப் போனது. அங்கே செம்புத் தகடு எதுவும் கிடையாது, வெறும் வேப்பங்கம்பு. இருபது வருடப் பழக்கம். நானும் தொட்டுவிட்டுப் போனேன். உள்ளே நூற்றைம்பது கோழியும் கொண்டை சிவக்கச் சிவக்க, எங்கள் காலைச் சுற்றி ஒரே கூப்பாடு. சந்தோஷத்தில் ஒரு கோழியைத் தூக்கிக் கொஞ்சினேன். அது என் வெளுத்த சேலையில் எச்சமிட்டது. அக்கா சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

இப்போதெல்லாம் அந்தப் பக்கம் வகுப்பு என்றால் நான் படம் போடுவதில்லை. கம்பெனிக்குள் எப்படிப் போவீர்கள் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன், அவர்களே பாடம் எடுத்துவிடுகிறார்கள். எந்தப் பண்ணை வாசலில் யார் எனக்கு மரியாதையாக வழிவிட்டாலும், “இதுக்கு முன்ன எங்கன போயிட்டு வாரீக?” என்று அந்த அக்கா கேட்பது காதில் விழுகிறது, அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைக்கிறேன்.