கொடுக்கு அக்காவின் பத்திரிகை

பச்சைப் பேனா ‘நிரூபிக்கிறது’ என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே ‘காட்டுகிறது’ என்று எழுதுகிறது. பக்கத்தைப் புரட்டினால் அங்கேயும் அதே சொல். பேனாவைப் பிடித்திருப்பவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பேட்டிக்கு வந்த என்னிடம் முறையிடுகிறார். “நிரூபிக்க இது என்ன கோர்ட்டா? தேனீ சாட்சி சொல்லவா வந்துச்சு? அது பாட்டுக்குப் பூவுக்குப் போயிட்டு வருது!”

தேனீ ஆராய்ச்சிக்கென்றே வெளிவரும் பத்திரிகையின் ஆசிரியர் இவர். கட்டுரை அனுப்பும் விஞ்ஞானிகள் இவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘கொடுக்கு அக்கா’. அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. “கொட்டினா வீங்கும். அப்புறம் வடிஞ்சிடும். அவ்வளவுதானே?” என்கிறார். நான் எழுதிக்கொண்டு போன கேள்விகளைக்கூட வாங்கித் திருத்திக் கொடுத்த பிறகுதான் பதில் சொன்னார். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு தேன் பாட்டிலோடு வருகிறார்கள். அவருக்கோ தித்திப்பே ஆகாது. மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க அந்தப் பாட்டில்கள் மேசையெங்கும் உட்கார்ந்திருக்கின்றன.

ஆரம்பத்தில் இது தேனீ வளர்ப்போர் சங்கத்தின் நாலு பக்கத் தாள். விலங்கியல் படித்துவிட்டுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த அக்கா, ஆராய்ச்சிக் கட்டுரையும் போடலாமே என்றார். போடலாம், எழுத ஆள் வேண்டுமே! முதல் இதழை ஏறக்குறைய அவரே எழுதி நிரப்பினார். பிறகு, வேறு பத்திரிகைகள் தள்ளிவிட்ட கட்டுரைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எதையும் அவர் குப்பையில் போடவில்லை. பச்சை மையில் பக்கம் பக்கமாகக் கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினார். திட்டு வாங்கியவர்கள் முறைத்துக்கொண்டே திருத்தினார்கள். திருத்திய கட்டுரை நன்றாக வந்ததும் அடுத்ததையும் இங்கேயே அனுப்பினார்கள், நண்பர்களையும் இழுத்து வந்தார்கள். இப்போது அவர் வரைபடத்தில் தேடிப் பார்க்கவேண்டிய நாடுகளிலிருந்தெல்லாம் கட்டுரை வருகிறது. ஸ்டேப்ளர் பின் அடித்த பழைய இதழையும் புதிய இதழையும் அருகருகே வைத்துக் காட்டினார். புதியதன் முதுகில் பெயர் அச்சிட இடம் இருக்கிறது. “முதுகெலும்பு வந்துடுச்சு பாருங்க” என்றபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை மறைக்க அவர் முயலவேயில்லை.

இந்தப் பத்திரிகைக்கு ஒருவர் மட்டும் எழுதாமலே இருந்தார். அவருடைய அண்ணன். தேனீக்களைப் பற்றியே ஆராயும் பேராசிரியர். குடியிருப்பதும் ஒரே வீட்டின் மாடியில்தான். “ஈக்கு ஒரு பத்திரிகையா!” என்று தங்கையைச் சீண்டுவார், தன் கட்டுரைகளைப் பெரிய இடங்களுக்கே அனுப்புவார். ஓய்வு பெறப்போகிற வருஷத்தில் ஒன்றை இங்கே அனுப்பினார்.

பெயரை மறைத்துத்தான் கட்டுரைகள் ஆசிரியர் மேசைக்கு வரும். உதவி ஆசிரியருக்கு மட்டுமே யார் எழுதியது என்று தெரியும். ஆனால் நீலப் பெட்டியில் வாழும் தேனீக்கள் நிறத்தைப் பார்த்தே கூடு திரும்புகின்றன என்று சொன்ன அந்தக் கட்டுரையில், பக்கத்துக்குப் பக்கம் ‘ஐயத்திற்கு இடமின்றி’ என்று இருந்தது. அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மழை வருமான்னு கேட்டாலும் அண்ணன் ‘சந்தேகமே இல்லை’ம்பார். ஒரு நாளும் வந்ததில்லை.”

தெரிந்ததும் ஒதுங்கியிருக்கலாமே என்று கேட்டேன். “ஒதுங்கினா உதவி ஆசிரியர் அண்ணன் பேருக்கே பயந்துபோய்ப் போட்டுடுவார்” என்றார்.

கட்டுரையைப் படித்த வெளி நிபுணர்களில் ஒருவர் புகழ்ந்தார். இன்னொருவர், பெட்டிகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்க்கவில்லை. நீலப் பெட்டி எப்போதும் ஒரே மூலையில்தான் இருந்தது. தேனீ நிறத்தைப் பார்த்து வந்ததா, மூலையை நினைவில் வைத்து வந்ததா? மறுபடி சோதிக்க அடுத்த பூக்காலம் வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் அண்ணன் ஓய்வு பெற்றுவிடுவார், ஆய்வுக்கூடமும் கையைவிட்டுப் போய்விடும். அக்கா கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். அண்ணன் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தார்.

“எவனோ ஒரு மடையன் பெட்டியை மாத்தி வைக்கச் சொல்றான்! நீ ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோச்சு.”

“எந்தக் கட்டுரைண்ணா? எனக்குப் பேர் இல்லாமத்தானே வரும்.”

“நடிக்காதே. இதுதான் என் கடைசிக் கட்டுரை.”

“அதனாலதான் சொல்றேன். தப்போட முடிக்காதே.”

அதோடு பேச்சு நின்றது. மாடியில் காலடிச் சத்தம் கேட்கும், ஆள் கீழே வரமாட்டார். “போட்டுத் தொலைச்சிடலாமான்னு எத்தனையோ தடவை நினைச்சேன். மனசே ஆறலை. ஆனா அந்தக் கேள்வி சரியான கேள்வி. நான் என்ன பண்ண?” என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது.

பூக்காலம் வந்தது. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போன அக்காவின் புறங்கையில் நறுக்கென்று ஒரு கொட்டு. அங்கே நீலமும் மஞ்சளுமாகப் பெட்டிகள். யாருடையவை என்று அவர் கேட்கவில்லை, கேட்டால் கட்டுரை யாருடையது என்று தெரிந்ததாகிவிடும்! வீங்கின கையோடு இறங்கி வந்து, அந்தப் பருவம் முழுக்கத் துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போட்டார்.

திருத்திய கட்டுரை வந்தது. முடிவு தலைகீழாகியிருந்தது. பெட்டிகளை மாற்றியதும் பெரும்பாலான தேனீக்கள் நீலத்தைத் தேடாமல் பழைய மூலைக்கே போயிருந்தன. தன் முதல் முடிவு தவறு என்று அண்ணன் வெளிப்படையாகவே எழுதியிருந்தார். இப்போது வெளிவந்திருக்கும் இதழின் முதல் கட்டுரை அதுதான்.

எழுதியவர்களுக்கு இதழைப் பதிவுத் தபாலில் அனுப்புவது வழக்கம். அவர் வீட்டில் நான் பேசிக்கொண்டிருந்த காலையில் தபால்காரர் வந்தார்.

“அம்மா, மாடி சாருக்கு வந்திருக்கு. அனுப்பினது நீங்கதான் போலிருக்கு. நீங்களே வாங்கிக்கக் கூடாதா?”

“எழுதினவர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கணும்” என்று அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மாடிப்படியை முகவாயால் காட்டினார்.