எக்ஸ்டென்ஷன் மறைத்த சிவப்புக் கட்டம்

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் இருந்த அந்த எழுத்தரை எல்லாரும் "எக்ஸ்டென்ஷன்" என்றுதான் கூப்பிட்டார்கள். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு கூடுதல் வேலை பார்க்கும் குட்டி நிரல்களுக்கு உரிய பெயர் அது. அவருடைய பிரவுசரில் முப்பத்தொன்று இருந்தன. விளம்பரத்தைத் தடுக்க ஒன்று, அது விட்டுவைத்ததைத் தடுக்க இன்னொன்று, திரையைக் கறுப்பாக்க ஒன்று, எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறது என்று கணக்குச் சொல்ல ஒன்று. காதைவிடக் கம்மல் கனம்.

எதிர் மேசையில் இருந்த மூத்த எழுத்தர் பெரியக்கா, பிரவுசரை வந்தது வந்தபடியே வைத்திருந்தார்.

"பாஸ்வேர்டை அதுவே ஞாபகம் வச்சுக்குது, பக்கத்தை அதுவே மொழிபெயர்க்குது. அப்புறம் எதுக்குப்பா இத்தனை?"

"பிரவுசர்காரங்க குடுக்கிறது வெறும் வீடுக்கா. திரைச்சீலை நாமதான் மாட்டணும்."

புகார்ப் பக்கத்தின் தலையில் ஒரு சிவப்புக் கட்டம் இடைவிடாமல் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை அது அவருக்குப் பொறுக்கவில்லை. வேண்டாததை மறைக்கும் எக்ஸ்டென்ஷனை எடுத்து அந்தக் கட்டத்தின் மேல் ஒரு சொடுக்கு. கட்டம் போயிற்று. பக்கம் துடைத்துவிட்டதுபோல் ஆனது.

அன்றிலிருந்து வேலையும் குறைந்தது. மூன்று மணிக்கே புகார்கள் தீர்ந்துவிடும். மேலாளர் அசந்துபோனார். "எப்படிய்யா?" என்று கேட்டார். "எல்லாம் எக்ஸ்டென்ஷன் சார்" என்றார் இவர். அது சத்தியமான வார்த்தை. அடுத்த வாரம் அலுவலகம் முழுவதற்கும் வகுப்பு எடுக்கும்படி மேலாளர் உத்தரவு போட்டார்.

அதற்குள் அவருடைய தெருமுனையில் குழாய் உடைந்தது. தெருவில் ஆறு ஓடியது. மாடியில் இருந்த அவர் வீட்டில் சொட்டு இல்லை.

"ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

"வீட்டுக்காரிங்கிறதுக்காக வரிசை தாண்ட முடியுமா? வெப்சைட்ல புகார் போடு. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

முறைப்படி போட்டாள். மறுநாளும் போட்டாள். அவர் மாலையில் வந்து கை விரிப்பார்.

"அப்படி ஒரு புகாரே வரலை. வந்திருந்தா என் கண்ணுல படாம போகுமா? நீதான் எங்கயோ தப்பா அழுத்தியிருக்கே."

எட்டாவது புகாருக்குப் பிறகு, காலிக் குடம் ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். வந்த நேரம் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கணவர் பலகைக்கு முன்னால் நின்று, தேவையில்லாததை நீக்குவதுதான் திறமை என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவள் நேராகப் பெரியக்காவின் மேசைக்குப் போனாள். அந்தத் திரையில் சிவப்புக் கட்டம் சிமிட்டிக்கொண்டிருந்தது: 'அவசரப் புகார்கள் – 43.'

"இது என்னக்கா?"

"குழாய் உடைஞ்சா இதுலதான் வரும். உங்க வீட்டுக்காரர் பார்க்கிற வேலை. அவர் பார்க்கிறார்னுதான் நான் இருந்துட்டேன்."

வகுப்பு அதோடு முடிந்தது. நாற்பத்து மூன்றில் எட்டு அவள் பெயரில் இருந்தன.

"தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதிடலாம்யா" என்றார் மேலாளர், வகுப்புக்கு உத்தரவு போட்டது தான்தான் என்பது நினைவுக்கு வந்தவராக.

"கோளாறு என்னுதுதான் சார். நான்தான் மறைச்சேன்" என்று சொல்லி, அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார் எக்ஸ்டென்ஷன். அடுத்த மூன்று நாளும் குழாய் பழுது பார்க்கும் ஆட்களின் வண்டியில் தொற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒருவர் திட்டினார், ஒருவர் கதவையே திறக்கவில்லை. தன் தெருவைக் கடைசியில் வைத்துக்கொண்டார். அதைப் பெருந்தன்மை என்று மனைவி ஒப்புக்கொள்ளவே இல்லை.

தலைமை அலுவலகம் எல்லா எக்ஸ்டென்ஷன்களுக்கும் தடை போட்டது. முப்பத்தொன்றையும் அவரே நீக்கினார். பிரவுசரின் மெனுவை முதன்முறையாக மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தார். அவர் தேடித் தேடிச் சேர்த்ததில் பாதிக்கு மேல் அங்கேயே இருந்தது. ஊரெல்லாம் தேடிய மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்த கதை.

தடை வந்த மூன்றாம் நாள் பெரியக்கா அவர் மேசைக்கு வந்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"எனக்கு ஒண்ணு போட்டுத் தர முடியுமாப்பா? எழுத்தை அழுத்தமா, கறுப்பாக் காட்டுறதுன்னு முன்னாடி சொன்னியே."

"பிரவுசர்லயே எழுத்தைப் பெரிசாக்கலாமேக்கா!"

"பெரிசாகுது. ஆனா வெளிறின சாம்பல் கலர் வெளிறினபடியே நிக்குது. இடது கண்ணுல புரை. ஆபரேஷனுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு."

அவர் மெனுவை மறுபடி துழாவினார். புகார்ப் பக்கத்தோடு ஒத்துப்போகிற மாதிரி அதில் எதுவும் இல்லை. அன்றே அனுமதி கேட்டு மனு எழுதினார். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது: ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன், ஒரே ஒரு கணினியில், மேற்பார்வையோடு. மேற்பார்வையாளர் என்ற இடத்தில், பிரிவில் இதில் அனுபவம் உள்ள ஒரே ஆள் என்று குறிப்பிட்டு, அவர் பெயரையே போட்டிருந்தார்கள்.