இலை கிள்ளிய மாமரம்

2024 ஆகஸ்ட் 12, திங்கட்கிழமை, காலை 5.50. சித்தூர் பேருந்து நிலையத்திலிருந்து திருப்பதிக்குப் புறப்பட்டேன். ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். வழியெங்கும் தோத்தாபுரி மாந்தோப்புகள். எல்லாம் ஒரே சமயத்தில் பழுக்கும், மாம்பழக் கூழ்த் தொழிற்சாலை வாசலில் லாரிகள் வரிசை கட்டும், விலை விழும்.

அதற்கு மாற்றுத் தேடித்தான் என் அத்தை சுசீலா பதினெட்டு ஆண்டுகள் உழைத்தார். பல்கலைக்கழகத்தில் பழப்பயிர் விஞ்ஞானி. பதவி உயர்வு தள்ளிக்கொண்டே போனது. இடமாற்றம் மட்டும் தவறாமல் வந்தது. அதற்கிடையில், மற்றவை ஓய்ந்தபின் பழுக்கும் ஒரே ஒரு மரத்தை உருவாக்கினார். அதைப் பெருக்க நிலம் கேட்டு எழுதியவை எல்லாம் கிடப்பில் கிடந்தன. நாராயணவனத்து விவசாயி முனிரத்தினம் தம் மரங்களில் ஒட்டுக்கட்ட இசைந்தார். அந்த மரத்திலிருந்து ஒட்டுக்குச்சி எடுப்பதற்காக அன்று என்னை அழைத்திருந்தார் அத்தை.

8.20, திருப்பதி. ஆட்டோவுக்கு 150 ரூபாய். “எல்லாரும் மலைக்குப் போய்க்கினு இருக்காங்க, நீ மாமரம் பாக்கப் போறியாம்மா?” என்று சிரித்தார் ஓட்டுநர்.

வாசலில் காத்திருந்த அத்தையுடன் ஆராய்ச்சித் தோட்டத்துக்குள் போனேன். அத்தையின் மரம் தரையில் கிடந்தது.

ஒட்டுக்கு எடுக்கும் குச்சிகளில் சில நாள் முன்னதாகவே இலைகளைக் கிள்ளிவிடுவது வழக்கம். அப்போதுதான் நுனிமொட்டு பருக்கும். அத்தையும் கிள்ளியிருந்தார். மேற்பார்வையாளர் அதைப் பட்டுப்போன மரம் என்று முடிவுகட்டிவிட்டார்.

“மொட்டையா நின்னுக்கினு இருந்திச்சு மேடம். காஞ்ச மரத்த எடுக்கச் சொல்லி ஆர்டர். ஒரு போர்டாவது மாட்டியிருக்கலாம்ல?”

“மாட்டியிருந்தேன் நைனா. அதோ, உன் ஆளு அதுமேலதான் உக்காந்துக்கினு டீ குடிக்கிறான்.”

மேற்பார்வையாளர் வருந்தவில்லை. “வேற ஒன்னு நட்டுட்டாப் போச்சு” என்றார். பழப்பயிர் கற்பிக்கும் நிறுவனத்தில், மரத்தில் இலை ஏன் இல்லை என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை!

“எப்ப வெட்டின?” என்றார் அத்தை.

“காலைல ஆறு மணிக்கு.”

நான் சன்னலோரம் அமர்ந்து மாந்தோப்புகளை ரசித்துக்கொண்டிருந்த நேரம்.

“வாடல. எடு கத்திய” என்றார் அத்தை என்னிடம்.

கிடந்த கிளைகளிலிருந்து குச்சிகளை நறுக்கி ஈரத்துணியில் சுற்றினோம். டீ குடித்த ஆள் எழுந்துபோன பலகையில் மர எண்ணும் துறைத் தலைவரின் பெயரும் இருந்தன. அத்தையின் பெயர் இல்லை. யாரையும் கேளாமலே அதைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மாலை 4.00, நாராயணவனம். துணியைப் பிரித்துப் பார்த்த முனிரத்தினம், “குச்சி வெட்டினவங்க கைக்கு ஒரு கும்புடு! உசுரு இருக்குதும்மா. விடியட்டும், கட்டிறலாம்” என்றார்.

மறுநாள் காலை அத்தை குச்சிகளைச் சீவிப் பொருத்த, நான் நாடாவால் இறுக்கிக் கட்டினேன். பிறகு பலகையிலிருந்த துறைத் தலைவரின் பெயரைக் கத்தியால் சுரண்டினேன். அந்த இடத்தில் அத்தையின் பெயரைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதி, ஒட்டுக்கட்டிய மரத்தில் மாட்டினேன்.