சாம்பாருக்கு ஷாக் வாங்கிய கதை

என் கொழுந்தனுக்கு வண்டி என்றால் முன்பக்கம் மட்டும்தான். பின்னால் ஒன்று இருக்கிறது, அதில்தான் எங்கள் பிழைப்பு ஏறிப் போகிறது என்பதெல்லாம் அவன் மண்டையில் ஏறவே ஏறாது. இத்தனைக்கும் அவனைக் கூட்டிக்கொண்டு, வண்டியின் குலுக்கலை அடக்குகிற ஷாக் அப்சார்பர் வாங்கப் போனவள் நான். என்னைச் சொல்ல வேண்டும்.

எங்கள் சமையற்கூடம் சிங்கப்பூரில் கேலாங் பக்கம். அங்கிருந்து தினமும் ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலைக்கு மதியச் சாப்பாடு போகிறது. அடுப்படி என் வீட்டுக்காரர் பொறுப்பு, வண்டி ஓட்டுவது நான். பழைய பிக்கப், பின்னால் கூண்டு போட்டது. சாப்பாட்டை ஏற்றியதும் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். தொழிற்சாலை வாசலில் ஒரு சரிவு உண்டு. அதில் ஏறும்போது அடிப்பக்கம் தரையில் உரசி வண்டி ஒரு குதி குதிக்கும், சாம்பார் அண்டாவின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். அண்டாவைப் பிடித்துக்கொள்ள எங்கள் சமையற்கூடத்து ஆள் ஒருவர் பின்னால் உட்கார்ந்து வருவார். புதுக்கோட்டைக்காரர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், இருந்தாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

தொடர்ந்து மூன்றாவது நாளாக வழிந்த அன்று கேன்டீன் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, சாம்பார் பத்தலன்னு டெய்லி கம்ப்ளெய்ன் வருது. இந்த மாசம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் வேற கேட்டரர்தான்லா."

அந்த ஆர்டர் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். வேறு பெரிய ஆர்டர் எங்களுக்குக் கிடையாது. வண்டியின் பின்பக்கத்தை உயர்த்தியே ஆக வேண்டும். கையில் இருந்த காசோ ஒரு ஜோடி ஷாக்குக்குத்தான் வரும்.

உடனே கொழுந்தன் குதித்துக்கொண்டு வந்துவிட்டான். ராத்திரி பகலாக வீடியோ பார்த்துத் தேர்ந்தவனாம். ஜாலான் புசார் பக்கம் ஒரு சந்தில் லாரி சாமான் கடை. கடைக்காரருக்கு என்னைவிட மோசமான வாய்.

"பின்னால என்ன லோடும்மா?"

"சாம்பார், சோறு."

"எவ்வளவு?"

"முந்நூறு பேருக்கு."

"நான் கிலோ கேட்டேன். பந்தியில எத்தன பேருன்னு கேக்கல."

வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு கிலோவைச் சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. பின்னாடி ஸ்பிரிங்கில் ஒரு இரும்புப் பட்டை கூடச் சேர்க்க வேண்டும், அதை அடக்க லோடு தாங்குகிற ஷாக் இரண்டு, முன்னாடி கை வைக்கவே வேண்டாம் என்றார். "ரொம்ப ஒசத்தாதீங்க, இன்ஸ்பெக்ஷன்ல மாட்டும்" என்றும் சொன்னார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் போன் பண்ணினார். வெளியே போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் கொழுந்தன் காரியத்தை முடித்துவிட்டான். மேசை மேல் பளபளவென்று நீல நிறத்தில் இரண்டு ஷாக். முன்னாடிக்கு! பின்னாடிக்கு அந்தப் பட்டை மட்டும்.

"முன்னாடியும் ஒசத்தலன்னா வண்டி மூக்கு குத்தி நிக்கும் அண்ணி. அசிங்கமா இருக்கும். பின்னாடி பழைய ஷாக்கே நல்லாத்தான் இருக்கு."

"அடப்பாவி, நான் என்ன வண்டிக்கு மாப்பிள்ளையா பாக்குறேன்?" என்று கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். ஆனால் திருப்பிக் கொடு என்று சொல்லவில்லை. குடும்பத்துக்குள் மனக்கசப்பு வேண்டாம் என்று விட்டேன். அங்கேயே மாட்டிக்கொண்டும் வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சோதித்துப் பார்த்தோம். எங்கள் வீட்டில் எடை என்றால் அரிசி மூட்டைதான். அண்டாவின் எடையை மூட்டையாகக் கணக்குப் போட்டு, அவ்வளவையும் ஏற்றி, குவீன்ஸ்டவுனில் அவன் வீட்டைச் சுற்றியிருக்கிற வேகத்தடை ஹம்ப் மேலெல்லாம் ஓட்டினோம். அடி உரசவில்லை, ஒரு மூட்டையும் அசையவில்லை. கொழுந்தன் பல்லைக் காட்டினான். நானும் தலையை ஆட்டினேன். அரிசி மூட்டை எங்கேயாவது தளும்புமா? தினமும் அண்டா அண்டாவாகச் சாம்பார் ஏற்றிப் போகிற எனக்கே அது உறைக்கவில்லை.

திங்கட்கிழமை சரிவில் வண்டி உரசாமல்தான் ஏறியது. ஆனால் ஏறிய பிறகு ஆட்டம் நிற்கவில்லை. புதுப் பட்டை தூக்கித் தூக்கிப் போட, அதை அடக்கப் பழைய ஷாக்குக்குத் தெம்பில்லை. பின்கதவைத் திறந்தால் சாம்பார் வாசல் வரைக்கும் ஓடி வந்தது. புதுக்கோட்டைக்காரர் இரண்டு கையாலும் மூடியை அமுக்கியபடி உட்கார்ந்திருந்தார். முழங்காலுக்குக் கீழே கால்சட்டை நனைந்து ஆவி பறந்தது.

"அண்டாவுல எவ்வளவு மிச்சம் இருக்கு?" என்றேன். நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"பாதிக்கு மேல இருக்குக்கா" என்றார்.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தான். "நாளைக்கு ஒரு நாள். அதுதான் லாஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானமே கொழுந்தனை வேலையிடத்திலிருந்து வரச் சொல்லி, வண்டியோடு அந்தக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன், பின்னால் காலி அண்டாவோடு புதுக்கோட்டைக்காரரும் இருந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அந்த நேரம் பார்த்து போன் பண்ணின அவன் அண்ணனையும் விடவில்லை. கடைக்காரர் மாட்டிய சாமானைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். அவரையும் ஒரு பிடி பிடித்தேன். கடைசியில் தொல்லை விட்டால் போதும் என்று நீல ஷாக்கைக் கழற்றிப் பழையதை மாட்டி, பின்னாடிக்குத் தடிமனான ஜோடி ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்.

இந்தத் தடவை அரிசி மூட்டையை நம்பவில்லை. எவனையும் நம்பவில்லை. கடைக் குழாயில் அண்டா நிறையத் தண்ணீர் பிடித்துப் பின்னால் ஏற்றி, அதைப் பிடித்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். கொழுந்தனை ஓட்டச் சொன்னேன்.

மாதாவே! முதல் ஹம்ப்பில் இடுப்பு தரையில் மோதியது, இரண்டாவதில் தோள் கூண்டுக் கம்பியில். பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, கை இரண்டும் அண்டா மேல். உள்ளே ஒரே வெக்கை. இரண்டு தெரு சுற்றி வருவதற்குள் எனக்குக் கண் இருட்டிவிட்டது. தண்ணீர் மட்டும் ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை.

புதுக்கோட்டைக்காரர்தான் கை கொடுத்து இறக்கிவிட்டார். முதுகை நிமிர்த்த முடியவில்லை.

"தினமும் இப்படியா தூக்கிப் போடும்?"

"இல்லக்கா. இது எவ்வளவோ தேவல."

"ஒரு நாளாவது வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே!" என்று அவர் மேலேயே பாய்ந்தேன்.

"நீங்க சாம்பார் பத்தித்தானேக்கா கேட்டீங்க" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அண்டாத் தண்ணீரைச் சாக்கடையில் சாய்த்தார்.

நான் கடைக்குள் போனேன். சாமான் கட்டுகிற பெல்ட் இரண்டு கேட்டேன். அந்தக் கடையிலேயே அதைவிட மலிவான சாமான் இருந்திருக்காது.

"ஏம்மா, இத்தன நாளா எதுல கட்டுனீங்க?"

"கட்டல. ஆள் புடிச்சுட்டு வந்தாரு" என்றேன்.

கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பெல்ட்டைப் பையில் போட்டார்.

மறுநாள் சாம்பார் குறையாமல் ஜூரோங் போய்ச் சேர்ந்தது, ஆர்டர் தங்கியது. அண்டாவைப் பெல்ட் பிடித்துக்கொண்டது, புதுக்கோட்டைக்காரர் முன்சீட்டில் வந்தார். இவ்வளவு நாளும் என் கைப்பையை வைத்திருந்த சீட் அது. பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். வழி நெடுக நான் ரோட்டைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை.